தலைவரின் கண்ணீர்

"விரிடா கையை!"

மந்தைவெளி அபினிக் கடை வாசலில் பஞ்சாட்சர முதலியார் போட்ட சத்தத்தில், கோஷம் எழுப்பிக்கொண்டிருந்த மறியல் தொண்டர்கள் வாயடைத்து நின்றார்கள். அவர் பிடித்திருந்தது, கடையிலிருந்து வெளியே வந்த சொந்த மகன் தணிகாசலத்தின் மணிக்கட்டை.

தணிகாசலம் கையை விரிக்கவில்லை. தூக்கம் கெட்டுச் சிவந்த கண்களால் அப்பாவை ஒரு தரமும், அவருக்குப் பின்னால் நின்ற கதர்ச் சட்டைக் கூட்டத்தை ஒரு தரமும் பார்த்தான்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் நைனா" என்றான் தணிந்த குரலில்.

"எந்த வீட்டுக்கு?"

முதலியார் அவன் விரல்களைப் பலவந்தமாகப் பிரித்தார். உள்ளங்கையில், இலைத் துணுக்கில் மடித்த கறுப்பு உருண்டை.

வரிசையில் நின்ற ரிக்‌ஷாக்காரன் பக்கிரி பல்லைக் காட்டினான். "இன்னா மொதலியாரே, எங்கள மட்டும் தொரத்துறே! உன் புள்ளையும் நம்ம கூட்டாளிதான் போலகீது!"

கூட்டத்தில் இரண்டொருவர் களுக்கென்று சிரித்தார்கள். முதலியாருக்கு உடம்பெல்லாம் கூசியது. தாத்தா காலத்திலிருந்து மயிலாப்பூரில் கோயில் மாலை வாங்குகிற குடும்பம். வெற்றிலையோடு புகையிலை சேர்க்காத பரம்பரை. போதாததற்கு அவர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர் வேறு.

உருண்டையைப் பறித்துத் தெருவோரச் சாக்கடைக் கால்வாயில் வீசினார். "இன்னியோட நீ என் புள்ள இல்ல. என் வாசப்படிய மிதிச்சே, காலை ஒடிச்சிடுவேன்!"

தொண்டர்கள் ஜே போட்டார்கள். வம்பு எதற்கு என்று கடைக்காரன் அன்றைய வியாபாரத்தை முடித்துக் கதவைப் பூட்டிக்கொண்டு போனான். தணிகாசலம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கூட்டத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். அடையாறு போகும் சாலையில் தலை குனிந்து நடந்தான்.

முதலியாருக்கு ஆறவில்லை. காலையில் மறியலுக்குக் கிளம்பும்போது, வயிற்றுக் கடுப்புக்கு அவர் இருவேளையும் சாப்பிடும் லேகியம், வைத்தியர் காலமான பிறகு மகன் கிண்டித் தருவது, டப்பாவில் தீர்ந்துபோயிருந்தது. "சாயந்தரத்துக்குள்ள அவரு கிண்டிக் குடுத்துடுவாரு மாமா" என்றாள் மருமகள் சுலோச்சனா. அப்பனுக்கு மருந்து கிண்ட வேண்டியவன் அபினிக் கடையில் நிற்கிறான்!

மாலையில் தெப்பக்குளக் கரையில் சங்கத்தின் பொதுக்கூட்டம். மேடை ஏறும்போதே அவருக்கு என்னவோ செய்தது. கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கு ஒழுகியது. பகலெல்லாம் வெயிலில் நின்ற அலுப்பு என்று நினைத்துக்கொண்டார்.

"மகா ஜனங்களே, இன்று முதல் எனக்கு மகன் இல்லை" என்று தொடங்கினார். கண்களிலிருந்து நீர் தாரையாக வழிந்தது. பெண்டாட்டியைச் சிதையில் வைத்தபோதுகூடக் கலங்காத மனிதர்.

கூட்டம் உருகிப்போயிற்று. "பெத்த மனசுய்யா!" என்று யாரோ தழுதழுத்தார். முன் வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

காரியதரிசி கல்யாணராமன் ஓடி வந்து அவர் கையைப் பற்றினார். "அழாதீங்கோ முதலியார். உங்க தியாகத்தை ஊரே பாத்துண்டிருக்கு."

"நான் அழலியே" என்றார் முதலியார். அதை யாரும் நம்பவில்லை.

வீடு வந்து சேர்ந்ததும் பாயில் சுருண்டார். சித்திரைப் புழுக்கத்தில் உடம்பு சில்லிட்டு மயிர்க்கூச்செறிந்தது. கால் நரம்புகளை யாரோ முறுக்கிப் பிழிவது போலிருந்தது. வயிறு புரட்டிப் புரட்டி வலித்தது.

"சுலோச்சனா! அந்த லேகியத்தைக் கொண்டாம்மா!"

அவள் காலி டப்பாவோடு கதவோரம் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "கிண்டல மாமா."

"அவன் இல்லாட்டி என்னா? நீ கிண்டக்கூடாதா? சுக்கு, திப்பிலி, வெல்லம் எல்லாம் வீட்டுல இருக்குதில்ல?"

"எல்லாம் இருக்குது. ஒண்ணுதான் இல்ல."

"என்னா இல்ல?"

"அபினி."

முதலியார் தலையைத் தூக்கிப் பார்த்தார். என்றுமே அவர் முன்னால் குரலை உயர்த்தாதவள் இன்று நிறுத்தவில்லை.

"மொதல்லேர்ந்தே வைத்தியரு அதைப் போட்டுத்தான் குடுத்துக்கினு இருந்தாரு மாமா. சாகறதுக்கு முன்னாடி உங்க புள்ளயக் கூப்ட்டு, 'திடீர்னு நிறுத்திடாதே, உங்கப்பா உடம்பு தாங்காது, கொஞ்சங் கொஞ்சமா குறை'ன்னு சொன்னாரு. உங்களுக்குத் தெரிஞ்சா மானம் போச்சேன்னு உயிர விட்டுடுவீங்கன்னு பயந்து, அவரே அந்த வரிசையில போய் நின்னு வாங்கியாருவாரு. நீங்க தூங்கின பிறகோ, வெளிய போன நேரத்துலயோ கிண்டுவாரு. கிள்ளிக் கிள்ளிக் குறைச்சிக்கினு வந்தாரு. அவரு நாக்குல ஒரு துளி பட்டதில்ல."

"அதை அங்கயே சொல்லித் தொலைக்கறதுதானே?"

"உங்க சங்கத்து ஆளுங்க முன்னாடியா மாமா?"

முதலியார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்துகொண்டே இருந்தது. 'போய் அவனைக் கூட்டிக்கினு வா' என்ற ஒரு சொல்லுக்காக மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டு காத்து நிற்பது அவருக்குத் தெரிந்தது.

கடைசியில் வாய் திறந்தார்.

"நான் தூக்கிப் போட்டேனே, அந்தக் கால்வாயில தண்ணி ஓடுதா, காஞ்சு கெடக்குதா?"