திரை கறுக்கும் என்ற வரி

குடும்பக் கணினி நிறுவனத்தின் அலுவலகத்தில் மூவர் இருக்கிறார்கள்: அழகிரிசாமி, அவர் மருமகள் நவ்யா, ஈரோட்டிலிருந்து மடிக்கணினியோடு வந்திருக்கும் விசைத்தறிக்காரர் இல்யாஸ். டிசைன் மென்பொருளுக்காகக் கணினிக்குள்ளேயே மெய்நிகராக இன்னொரு கணினியை ஓட்டி, அதற்கும் படங்களைத் திரையில் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டின் வேகத்தைக் கொடுப்பது எப்படி என்று வாடிக்கையாளர்களுக்காக நவ்யா எழுதிய கையேடு மேசையில் கிடக்கிறது. அட்டையில் குடும்பத்தின் பெயர் பொன்னெழுத்தில் மின்னுகிறது. சன்னல் வெயில் மடிக்கணினியின் கறுத்த திரையில் விழுந்து தூசியைக் காட்டுகிறது. “இதுல போட்டபடியேதானுங்க செஞ்சேன் அம்மணி. சேலை டிசைனைக் காணோம், என் மூஞ்சிதான் தெரியுது. நாலு நாளா தறி நிக்குதுங்க” என்கிறார் இல்யாஸ். “திரை கறுத்தா முழுசா அணைச்சு மறுபடி போடோணுங்க” என்கிறாள் நவ்யா. “அது புஸ்தகத்துல இல்லீங்களே.” நவ்யா மாமனார் பக்கம் திரும்பவில்லை. அழகிரிசாமி மின்விசிறிக் காற்றில் படபடக்கும் தாள்களையே பார்க்கிறார். நம் பேர் போட்ட புத்தகம் திரை கறுக்கும் என்று சொல்லலாமா என்று, அச்சுக்குப் போகுமுன் அந்த வரியைத் தம் பேனாவால் அடித்தவர் அவர்தான். சொல்லிவிட வாயெடுக்கிறார்; தொண்டையைச் செருமுவதோடு நின்றுபோகிறது. “நாந்தான் விட்டுப்போட்டேனுங்க” என்கிறாள் நவ்யா.

அழகிரிசாமியின் மருமகளுக்கு வேலை தெரியாது என்று ஈரோட்டுத் தறிக்கூடங்களில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அந்த வரியை அவள் எழுதியிருந்தாள்.