யாரும்மா அந்த மடையன்?

ஜமுனாமரத்தூரில் சந்தை நாள். என் மருந்துக்கடையைத் திறக்கும்போதே, சாமை விற்கும் திரௌபதி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"சார், செருப்பு கழண்டு வுழுந்தாக்கூட காலுக்குத் தெரியாம போவுமா?"

விளக்கம் சொல்லக் கிடைத்தால் எனக்குச் சோறே வேண்டாம்.

"போவும்மா. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிட்டா, குடல் பி12 வைட்டமினைச் சரியா உறிஞ்சாது. அது கொறைஞ்சா நரம்போட மேலுறை தேயும், பாதம் மரத்துப் போவும். அதுக்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. ரத்த டெஸ்ட் எடுத்து, டாக்டர் சொன்னா ஊசி போட்டுக்கணும்."

"அவரு டெஸ்ட் எடுத்த மாதிரி தெரியலையே சார்."

"யாரும்மா அந்த மடையன்?"

திரௌபதி பையிலிருந்து ஒரு செருப்பை எடுத்து நீட்டினாள். "பஸ் ஸ்டாண்டுலருந்து கூப்டுக்கினே வர்றேன், நீங்க திரும்பவே இல்ல."

குனிந்து பார்த்தேன். பதினோரு வருடமாக மெட்ஃபார்மின் விழுங்குகிற மடையன், கடைப்படியில் ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தான்.