காலுக்குள் ஒரு கல்யாணம்

இருதயராஜின் செயற்கைக் கால் காலையில் கண்விழிக்கவே முக்கால் மணி நேரம் எடுத்தது. பழுது பார்க்க வந்த திலோத்தமா, அதை இயக்கும் கணினி நிரல்கள் சேமித்திருக்கும் களஞ்சியத்தைத் திறந்ததுமே பிடித்துவிட்டாள். உள்ளே மூன்று மணி நேரக் கல்யாண வீடியோ.

"எம் பொண்டாட்டி போனப்புறம், அவளும் கூடவே நடக்கட்டும்னு போட்டேம்மா. கால் மக்கர் பண்ணவும் மனசில்லாம அழிச்சிட்டேனே!"

"அழிச்சாலும் பழைய பதிப்புகள்ல அப்படியே இருக்கும் சார். கால் தினமும் அத்தனையையும் தூக்கிட்டுத்தான் எந்திரிக்குது."

"அப்போ அவ போயிடலையா?"

திலோத்தமா பழைய பதிப்புகளையெல்லாம் திருத்தி வீடியோவை வெளியே எடுத்து வேறிடத்தில் சேமித்தாள். அது இருக்கும் இடத்தை மட்டும் ஒரே வரியில் காலுக்குள் எழுதிவைத்தாள்.

"ஹால் டிவில இருக்காங்க. பத்தடிதான், நடந்து போங்க."

கருவிகளைப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. ஹாலில் கல்யாண பேண்டு முழங்கிக்கொண்டிருந்தது.