கொஞ்சம் ஃபிளெக்ஸிபிளா இரு

"நாளையிலிருந்து நீ காஜா மெஷினுக்குப் போ," என்றார் சூப்பர்வைசர் மேடம்.

அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே மடியில் போட்டாள்.

"இப்பத்தானே மேடம் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் கைக்குப் பழகுச்சு. அதுக்கு முன்னாடி பாக்கெட். அதுக்கு முன்னாடி காலர். இனி பட்டன் ஓட்டையா? என்னை ஏன் இப்படிப் பந்தாடுறீங்க?"

"கொஞ்சம் ஃபிளெக்ஸிபிளா இரும்மா."

அவ்வளவுதான். மேடம் அடுத்த மெஷினுக்கு நகர்ந்துவிட்டார்.

சட்டைக்குக் கை வைத்துத் தைக்கத்தான் அவள் அந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து மெஷின் அக்காவிடம் கேட்டாள்.

"ஃபிளெக்ஸிபிள்னா என்னக்கா அர்த்தம்?"

"வளைஞ்சு கொடுக்கறதுன்னு அர்த்தம். வளையறவளாப் பார்த்துத்தானே வளைப்பாங்க? என்னையும் ஒரு தடவை மாத்தப் பார்த்துச்சு அந்தம்மா. முடியாதுன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டேன். அப்புறம் என் பக்கம் தலைவெச்சுப் படுத்துச்சா?"

"வீட்ல ரெண்டு பிள்ளைங்க, என் சம்பாத்தியம்தான்னு அந்தம்மாவுக்குத் தெரியும்க்கா. இவ எங்கே போயிடப் போறான்னு நினைப்பு."

"மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லு. நான் வெளியில நிக்கிறேன்."

மேனேஜர் அறையில் நின்றபடியே கொட்டித் தீர்த்தாள்.

"ஒரு இடத்துல உட்கார விடலை சார். கை, காலர், பாக்கெட், ஓவர்லாக், நாளையிலிருந்து காஜா. விரல்ல ஊசி ஏறினதுதான் மிச்சம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தனையும் தைப்பீங்களா?"

"காஜா தவிர எல்லாத்தையும் தைக்க வெச்சுட்டாங்க சார்."

"உட்காருங்க."

பயந்துகொண்டே உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் எல்லாருக்கும் சொல்லணும்னு இருந்தேன். இந்த யூனிட்டை மூடறோம். இப்பல்லாம் சின்னச் சின்ன ஆர்டர்தான் வருது. பல வேலை தெரிஞ்சவங்களை மட்டும் இன்னொரு யூனிட்டுக்கு அனுப்பறோம். மத்தவங்களுக்கு இந்த மாசத்தோட சரி. இங்கேயிருந்து ஒருத்தரும் தேறமாட்டாங்கன்னு நினைச்சிருந்தேன். நீங்க அங்கே போயிடுங்க."

அவள் எழுந்து வெளியே வந்தாள்.

"நல்லாக் கேட்டியா?" என்றாள் அக்கா.

அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேராக மேடத்தைத் தேடிப் போனாள்.

மேடம் தன் சாமான்களை ஒரு துணிப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியும். வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. எல்லாரையும்தான் மாத்திப் பார்த்தேன். சண்டைக்கு வந்தாங்க. நீ ஒருத்திதான் என்னைத் திட்டிக்கிட்டே போய் உட்கார்ந்தே."

அவளுக்குக் கண் கலங்கியது. "அந்த யூனிட்லயும் நீங்கதானே மேடம் எனக்கு சூப்பர்வைசர்?"

மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எனக்கு மெஷினே ஓட்டத் தெரியாதும்மா. உங்களை வேலை வாங்க மட்டும்தான் தெரியும்."