ஒரே மாதிரி ட்யூபுகள்

ஆராய்ச்சிக்காகச் சர்க்கரை நோயாளிகளின் கால்புண் வார்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை ட்யூப்தான் கொடுத்திருந்தார்கள். பாதிப் பேருக்குக் குங்கிலியப் பிசின் கலந்த களிம்பு, மற்றவர்களுக்கு வெறும் களிம்பு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பிசின் மணக்கும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. சவரியம்மாள் மூடியைத் திறந்தால் தூப வாசனை அடித்தது. பக்கத்துக் கட்டில் பாத்திமுத்துவின் ட்யூபில் ஒன்றும் மணக்கவில்லை. சவரியம்மாளின் குதிகால் புண் மூடிக்கொண்டு வந்தது; பாத்திமுத்துவின் புண் ஆழமாகிக்கொண்டே போனது. சவரியம்மாள் தன் களிம்பை அவள் காலிலும் தடவ ஆரம்பித்தாள்.

டாக்டர் மதிவதனி பாத்திமுத்துவின் புண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரித்தபோது அதே வாசனை எழுந்தது. அவர் சவரியம்மாள் பக்கம் திரும்பினார்.

“என்ன காரியம்மா பண்ணிட்டீங்க? மொத்த ஆராய்ச்சியும் கெட்டுப்போச்சு. இது புண்ணை ஆத்துதுன்னு நிரூபிச்சாத்தான் எல்லா ஆஸ்பத்திரியிலயும் கொடுப்பாங்க.”

“நல்லா நிரூபிங்க டாக்டரம்மா. அதுவரைக்கும் இவ கால் இருக்குமா?”

“ஒப்பிட்டுப் பாக்கணும்ல. அதுக்கு அவங்க புண்ணு அப்படியே இருக்கணும்.”

“இருக்கணுமா?”

பாத்திமுத்து போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

“அந்த ட்யூபைக் கொடுங்க” என்று டாக்டர் கையை நீட்டினார்.

சவரியம்மாள் ட்யூபைக் கொடுக்கவில்லை. மிச்சமிருந்த களிம்பு முழுவதையும் அந்த உள்ளங்கையில் பிதுக்கினாள்.

“நீங்களே போட்டு விடுங்க.”

பாத்திமுத்து போர்வையை விலக்கினாள்.