நோர்வேப் பாசை

ஒஸ்லோவில் பெரிய கந்தோர் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்துவிட்டு சொந்த ஊரான இறுப்பிட்டிக்குத் திரும்பிய தில்லையம்பலத்தார், நோர்வேஜிய மொழி தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் ஊரில் ஆளில்லை.

அன்று குறிகட்டுவான் துறையில், நயினாதீவுப் படகுக்குக் காத்திருந்த வெள்ளைக்காரத் தம்பதி யோகராணியின் தேத்தண்ணிக் கடையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பையில் நோர்வேக் கொடி தைத்திருந்தது.

"அண்ணை, உங்கட ஆக்கள் வந்திருக்கினம்! அவையோட ரெண்டு கதை கதையுங்கோவன்" என்றாள் யோகராணி, மூலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த தில்லையம்பலத்தாரிடம்.

"பாவம், களைச்சுப்போய் இருக்கினம். பிறகு பாப்பம்."

"பிறகு படகு வந்திடும். ஏலாதெண்டால் விடுங்கோ."

கடையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி மானப் பிரச்சினை. தில்லையம்பலத்தார் எழுந்து போய்த் தொண்டையைச் செருமி, நோர்வேஜிய மொழியில் கணீரென்று ஒரு வசனம் சொன்னார்.

மறுகணமே கணவனும் மனைவியும் கால்களை நிலத்திலிருந்து தூக்கிக்கொண்டார்கள். தூக்கிய கால்களை இறக்காமல், சுற்றுமுற்றும் எதையோ தேடினார்கள்.

கடையிலிருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன மரியாதை பாத்தியளே! என்னண்ணை சொன்னனீங்கள்?" என்றாள் யோகராணி.

"சுகம் விசாரிச்சனான்" என்றார் அவர், வியர்வையைத் துடைத்தபடி.

பக்கத்தில் இருப்பவரோடும் பேசாத அந்த நாட்டில் இருபத்தெட்டு வருடம் காலம் தள்ள அவருக்கு ஒரேயொரு வசனம் போதுமாயிருந்தது. கந்தோரில் மேசைக்கு மேசை போய்ச் சொன்ன அதையேதான் இங்கும் சொன்னார்:

"கொஞ்சம் காலைத் தூக்குங்கோ, நிலம் துடைக்க வேணும்."