அடுத்து என்ன வரும்

கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கட்டிலு" என்றாள் ஸ்டெல்லா.

வந்தது ஒரு பித்தளை அண்டா.

"தோத்துட்டே. கண்ணத் தொற" என்றாள் சகாயம்மாள்.

எண்பத்தைந்து ஐப்பசி மழை. கோவில்பதாகையில் அந்தத் தெருவிலேயே மாடி வைத்துக் கட்டிய வீடு இது ஒன்றுதான். வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. தாயும் மகளும் நின்றது அதன் மாடி வராந்தாவில். பின்பக்கம் சகாயம்மாள் குடியிருந்த ஓட்டு வீடு கண்ணில் படவே இல்லை. அதன் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

தெருக்காரர்கள் நேற்றே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், இந்த மழையில் எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்று தங்கிவிட்டது இவர்கள்தான். தங்கலாம் என்று சொன்னவள் சகாயம்மாள்தான்.

"மெயின் ரோட்டாண்ட போட்டு வந்துகீதாம். இட்டுகினு வந்துர்றேன்" என்று படகைத் தேடி விடியற்காலையில் இறங்கிப் போனான் ஜோசப்ராஜ். பாடியில் லேத் பட்டறை வேலை அவனுக்கு. இப்போது மதியம் இரண்டு மணி இருக்கும்.

அப்பா எப்போ வரும், அப்பா எப்போ வரும் என்று காலையெல்லாம் ஸ்டெல்லா ஒரே அழுகை. ஏழு வயது. சகாயம்மாளுக்கு நீச்சல் தெரியாது. கூப்பிட்ட குரலுக்கு ஆள் கிடையாது. செய்வதற்கு ஒன்றுமே இல்லாத நேரத்தில்தான் இந்த விளையாட்டு அவள் வாயில் வந்தது.

ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு அடுத்து மிதந்து வரப்போவது என்ன என்று சொல்ல வேண்டும். இன்னொருத்தி பார்த்துச் சொல்ல வேண்டும். மரம் மட்டைக்கு ஒரு புள்ளி. வீட்டுச் சாமானுக்கு இரண்டு. ஆடு மாட்டுக்கு ஐந்து.

அழுகை நின்றது. கூடையோடு ஒரு சேவல் மிதந்து வந்தபோது பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

"இப்ப நீ மூடு. ஏமாத்தக் கூடாது."

மூடினாள். "குடம்" என்றாள்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சகாயம்மாள் இமையைக் கீற்றாகத் திறந்தாள்.

லாரி ட்யூப் ஒன்று சுழன்று சுழன்று வந்துகொண்டிருந்தது. அதில் யாரும் இல்லை. சுற்றிலும் சிவப்புத் துணி. பிடித்துக்கொள்ள வாகாக இருக்கட்டும் என்று, காலையில் அவன் இறங்கும் முன் அவளே தன் புடவையைக் கிழித்துச் சுற்றிக் கட்டிக் கொடுத்த துணி.

ஸ்டெல்லா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்து நின்றாள்.

சகாயம்மாள் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாழ மரம்மா" என்றாள் ஸ்டெல்லா. "நீ தோத்துட்டே."

"தொறக்கட்டுமா?"

சின்ன ஈரக் கைகள் இரண்டும் வந்து அவள் கண்களைப் பொத்தின.

"இரும்மா. இன்னும் போவல."